மெழுகில் திருத்தலாம், எலும்பில் திருத்த முடியாது

வேதாரண்யத்தில் அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து தொடை எலும்பின் மேற்பகுதியை முறித்துக்கொண்டால் அடுத்து என்ன நடக்கும் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உள்ளூர் அரசு மருத்துவமனையில் வலிக்கு ஊசி போட்டு, கால் அசையாதபடி கட்டி, 108 வண்டியில் ஏற்றுவார்கள். வண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாகப்பட்டினம் போகும். அல்லது திருத்துறைப்பூண்டி வழியாகத் திருவாரூருக்கோ தஞ்சாவூருக்கோ போகும். இந்த மூன்று ஊர்களிலும் இருப்பவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள். தஞ்சாவூர்க் கல்லூரி 1950-களின் இறுதியில் உருவானது. திருவாரூர்க் கல்லூரி 2010-ல் வந்தது. நாகப்பட்டினத்துக்கு அருகே ஒரத்தூரில் அமைந்த கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதாவது டெல்டாவின் கடைக்கோடியில் எலும்பு முறிந்தவர் போய்ச் சேரும் இடம் மருத்துவமனை மட்டுமல்ல, பள்ளிக்கூடமும்கூட. அங்கே அவர் நோயாளி. கூடவே பாடமும் ஆகிறார்.

இதைக் குறையாகச் சொல்ல ஒன்றுமில்லை. உலகம் முழுவதும் அறுவைச் சிகிச்சை இப்படித்தான் கற்பிக்கப்பட்டு வந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் வகுத்த முறைதான் இன்றைய பட்ட மேற்படிப்புப் பயிற்சியின் அடிப்படை: மூத்தவர் செய்வதைப் பார், அவர் கண்காணிப்பில் நீ செய், பிறகு உனக்கு அடுத்தவருக்குச் சொல்லிக்கொடு. உலகின் சிறந்த அறுவை மருத்துவர்கள் எல்லோரும் இந்த வழியில் வந்தவர்களே. ஆனால் இந்த முறையில் யாரும் வாய்விட்டுப் பேசாத ஒரு கணக்கு உண்டு. எந்தக் கைத்தொழிலிலும் முதல் பத்து முயற்சிகள் நூறாவது முயற்சியைப் போல இருப்பதில்லை. அந்த முதல் பத்தின் தடுமாற்றத்துக்கான விலையை யாரோ ஒருவர் கொடுத்தாக வேண்டும். டாக்டரைத் தேர்ந்தெடுக்கும் வசதி உள்ளவர் அனுபவசாலியைத் தேடிப் போகிறார். தேர்ந்தெடுக்க முடியாதவர் யார் கத்தியைப் பிடிக்கிறாரோ அவரிடம் காலை நீட்டுகிறார். ஆகவே எலும்பு மருத்துவர்களுக்கான விர்ச்சுவல் ரியாலிட்டி (வி.ஆர்.) பயிற்சிக் கருவி என்றதும், பெருநகரத்து கார்ப்பரேட் மருத்துவமனையின் ஆடம்பரம் என்று நினைத்து ஒதுக்குவது பிழை. அது மிகவும் தேவைப்படுவது வேதாரண்யத்துக்காரருக்குத்தான் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு அறுவைச் சிகிச்சையைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். தொடை எலும்பின் மேல்முனை ஒரு பந்து. அந்தப் பந்தை எலும்பின் தண்டோடு சேர்க்கும் கழுத்து சாய்வாக நிற்கிறது. கழுத்துக்குக் கீழே முறிந்தால், தொடையின் பக்கவாட்டிலிருந்து ஒரு தடித்த ஸ்க்ரூவைக் கழுத்தின் ஊடாகப் பந்துக்குள் செலுத்தி, வெளியே பொருத்தும் பிளேட்டோடு அதை இணைப்பார்கள். 'கம்பி வைத்திருக்கிறார்கள்' என்று வீட்டில் சொல்வது இதைத்தான். ஸ்க்ரூவுக்கு முன்னால் ஒரு மெல்லிய வழிகாட்டிக் கம்பி போக வேண்டும். பெரும்பாலும் 135 டிகிரி கோணத்தில் அது நுழைந்து பந்தின் நடுவில், மேல்விளிம்புக்குச் சற்று முன்னால் நிற்க வேண்டும். டாக்டருக்கு உள்ளே எதுவும் தெரியாது. சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே கருவி முன்பக்கத்திலிருந்து ஒரு நிழலையும் பக்கவாட்டிலிருந்து ஒரு நிழலையும் திரையில் காட்டும். இரண்டு தட்டையான நிழல்களை மனதுக்குள் ஒட்டி ஆழத்தைக் கணிக்க வேண்டும். முன்பார்வையில் சரியாகத் தெரியும் கம்பி, பக்கப்பார்வையில் விளிம்பை உரசிக்கொண்டு நிற்கும். அதை உருவி மறுபடி போட வேண்டும். ஒவ்வொரு தவறான நுழைவும் ஏற்கெனவே சுண்ணாம்புச் சத்து இழந்த எலும்பில் இன்னொரு ஓட்டை. ஒவ்வொரு சரிபார்ப்பும் அறையில் இருப்பவர்கள் மீது இன்னொரு சொட்டுக் கதிர்வீச்சு.

கம்பி எங்கே நிற்கிறது என்பது அழகுப் பிரச்சினை இல்லை. 1995-ல் மைக்கேல் பாம்கார்ட்னரும் அவருடைய சகாக்களும் இத்தகைய 198 முறிவுகளை ஆராய்ந்தார்கள். ஸ்க்ரூவின் நுனிக்கும் பந்தின் உச்சிக்கும் இடையிலான தூரத்தை இரண்டு எக்ஸ்ரேக்களிலும் அளந்து கூட்டினார்கள். அந்தக் கூட்டுத்தொகை 25 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைவாக இருந்த 120 பேரில் ஒருவருக்குக்கூட ஸ்க்ரூ எலும்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வரவில்லை. அப்படி வந்த 16 பேரும் அந்த எல்லையைத் தாண்டியவர்கள். கிழிந்தால் மறு அறுவை, மறு படுக்கை. முதியவர் என்றால் எழுந்து நடப்பதே சந்தேகம். சில மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அந்தச் சில மில்லிமீட்டரைக் கை எங்கே கற்றுக்கொள்கிறது என்பதே கேள்வி.

அந்தப் பயிற்சிக் கருவி, அதாவது சிமுலேட்டர், நுழைவது இங்கேதான். கண்களை மூடும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் ஆபரேஷன் தியேட்டர் விரிகிறது. இரண்டு கைப்பிடிகள் டிரில்லாகவும் சுத்தியலாகவும் மாறுகின்றன. சற்று விலை கூடிய கருவிகளில் கைப்பிடிக்குள் இருக்கும் மோட்டார்கள் எதிர்விசை கொடுக்கும். எலும்பின் வெளி ஓடு கெட்டியாக மறுக்கும், உள்ளே பஞ்சு போன்ற பகுதி விட்டுக்கொடுக்கும். ஸ்வீடனில் உருவான டிராமாவிஷன் போன்ற கருவிகளில் மேலே சொன்ன வழிகாட்டிக் கம்பியையே பயிலலாம். கம்பியைப் போட்டு முடித்ததும் கருவி கணக்கு காட்டும்: நுனி எத்தனை மில்லிமீட்டர் விலகியது, எத்தனை எக்ஸ்ரே எடுத்தாய், எத்தனை முறை உருவிப் போட்டாய், எவ்வளவு நேரம் ஆனது. ஒரு பொத்தானை அழுத்தினால் எலும்பு மறுபடி முழுசாகிவிடும். மாலை நேரத்தில் ஒரு மாணவர் இருபது முறை தவறலாம். தியேட்டரில் இருபது நோயாளிகள் தேவைப்படும் பாடம் அது. அதைவிட முக்கியமானது, தவறு உடனே எண்ணாகத் தெரிவது. நோயாளி மூன்று மாதம் கழித்து நொண்டிக்கொண்டு வரும்போது தெரியும் தவறை, அதற்குள் வேறு யூனிட்டுக்கு மாறிவிட்ட மாணவர் பார்ப்பதே இல்லை.

இது வெறும் நம்பிக்கையா, சான்று உண்டா? 2002-ல் யேல் பல்கலைக்கழகத்தில் 16 பயிற்சி மருத்துவர்களை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு மட்டும் கணினிச் சிமுலேட்டரில் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு இரு பிரிவினரும் உண்மையான நோயாளிகளின் பித்தப்பையை லேப்ராஸ்கோப் மூலம் அகற்றினார்கள். சிமுலேட்டரில் பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்துவதற்கோ வேறு திசுவைச் சுட்டுவிடுவதற்கோ ஐந்து மடங்கு வாய்ப்பு அதிகமாக இருந்தது. எலும்புத் துறையில் லண்டன் இம்பீரியல் கல்லூரியினர் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், இடுப்பு மூட்டு மாற்றும் சிகிச்சையை வி.ஆரில் ஆறு வாரம் பயின்றவர்கள், புத்தகமும் வீடியோவுமாகத் தயாரானவர்களைவிட 33 சதவீதம் கூடுதலான முக்கியப் படிகளைச் சரியாகச் செய்தார்கள். மூட்டுக் கிண்ணத்தைப் பொருத்தும் கோணத்தில் 12 டிகிரி துல்லியம் கூடியிருந்தது. 2020-ல் லாஸ் ஏஞ்சலீஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கால் எலும்புக்குள் ராடு செலுத்தும் முறையை மருத்துவ மாணவர்களுக்குக் கற்பித்தபோது, வி.ஆர். பிரிவினர் 63 சதவீதப் படிகளைச் சரியாக முடித்தார்கள், கையேட்டை மட்டும் படித்தவர்கள் 25 சதவீதத்தில் நின்றுவிட்டார்கள்.

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு கூத்தாட வேண்டியதில்லை. ஆய்வுகள் சிறியவை, சிலவற்றில் இருபது பேர்கூடச் சேரவில்லை. எலும்புத் துறை ஆய்வுகளில் பெரும்பாலானவை பிளாஸ்டிக் எலும்பிலோ பதப்படுத்திய உடலிலோ திறமையை அளந்தவை. கலிஃபோர்னியா ஆய்வில் பயன்பட்டதும் ஆஸோ வி.ஆர். என்ற ஒரே நிறுவனத்தின் மென்பொருள்தான். சிமுலேட்டரில் பழகிய டாக்டரின் நோயாளிகள் ஐந்து வருடம் கழித்தும் நன்றாக நடக்கிறார்களா என்பதை இந்த ஆய்வுகள் சொல்லவில்லை. ஆனால் அவை எதைக் காட்டுகின்றன என்பதைக் கவனித்துப் படித்தால் ஒரு தெளிவு பிறக்கும். வி.ஆர். நன்றாகக் கற்றுக்கொடுப்பது இரண்டை: அடுத்து என்ன என்ற வரிசை, கருவி எந்தத் திசையில் நிற்கிறது என்ற கண்ணளவு. அது சுமாராக மட்டுமே கற்றுக்கொடுப்பது விசையை. டிரில் எலும்பின் எதிர்ச் சுவரைத் துளைக்கும் நொடியில் சட்டென்று பாயாமல் நிறுத்தும் கைப்பக்குவம் அப்படிப்பட்டது. அந்தப் பக்கத்தில் இரத்தக்குழாயோ நரம்போ இருக்கும். ஆக வி.ஆர். முழுப் பாடத்திட்டமல்ல, அதில் ஒரு பாடவேளை.

மூத்த டாக்டர்கள் எழுப்பும் வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. "எங்கள் அரசு மருத்துவமனைகளில் எலும்பு முறிவுக்கா பஞ்சம்? வெளிநாட்டு மாணவன் ஒரு வருடத்தில் பார்ப்பதை எங்கள் பையன் ஒரு மாதத்தில் பார்க்கிறான். கேஸ் இல்லாத ஊருக்குத்தான் பொம்மை வேண்டும்." இதில் உண்மை இருக்கிறது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரியில் பயின்ற எலும்பு மருத்துவரின் கைவேகத்துக்குக் காரணம் அந்தக் கூட்டம்தான். ஆனால் எண்ணிக்கை என்பது பயிற்சி ஆகிவிடாது. அளவிடப்படாமல் நூறு முறை செய்த தவறு, நூறாவது முறை உறுதியான பழக்கமாகிவிடும். கூட்டம் அதிகமான இடத்தில்தான் மூத்தவருக்கு நின்று விளக்க நேரம் குறைவு. நள்ளிரவில் சாலை விபத்துக் கேஸ்கள் வரிசையாக வரும்போது 'கொடு, நானே முடிக்கிறேன்' என்று மூத்தவர் டிரில்லை வாங்கிக்கொள்வதுதான் நோயாளிக்கு நியாயம். அப்போது மாணவர் பார்த்ததோடு சரி. படிகளை முன்பே மனப்பாடமாக்கிக்கொண்டு வருகிற மாணவரிடம் மட்டுமே அவசர நேரத்திலும் டிரில்லைத் தைரியமாகக் கொடுக்க முடியும். கூட்டம் உள்ள இடத்தில் சிமுலேட்டர் தேவையற்றது என்பதைவிட, அந்தக் கூட்டத்திலிருந்து முழுப் பாடம் பெறுவதற்கே அது தேவை என்பது பொருத்தம்.

வழக்கமாக இந்த இடத்தில் விமானத்தை உதாரணம் காட்டுவார்கள். எட்வின் லிங்க் 1929-ல் செய்த விமானப் பயிற்சிப் பெட்டியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1934-ல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் சுமக்கப் போய் அடுத்தடுத்து விபத்தில் இறந்த பிறகுதான் ராணுவம் அதை வாங்கியது. உதாரணம் நல்லதுதான், ஆனால் முழுக்கப் பொருந்தாது. விமானம் மனிதன் செய்தது, அதன் ஒவ்வொரு திருகும் வரைபடத்தில் இருக்கிறது. உடம்பு அப்படியில்லை. இன்னொரு வேறுபாடு கசப்பானது: விமானி தவறினால் அவரும் சேர்ந்து விழுவார். அறுவை மருத்துவர் தவறினால் விழுவது நோயாளி மட்டுமே. அதனால்தான் விமானத்துறை தானாகவே கட்டாயப் பயிற்சிக்கு வந்துவிட்டது, மருத்துவத்துறையை வெளியிலிருந்து விதி போட்டுத் தள்ள வேண்டியிருக்கிறது.

நமக்கு வானத்தைப் பார்க்காமலே நல்ல உதாரணங்கள் கிடைக்கும். அறுத்துப் பழகப் பூசணிக்காயையும் சுரைக்காயையும் பயன்படுத்து என்று சுசுருத சம்ஹிதை சொல்கிறது. தஞ்சை மண்ணிலேயே சுவாமிமலை ஸ்தபதிகள் இருக்கிறார்கள். அவர்கள் நேராக உலோகத்தில் கைவைப்பதில்லை. முதலில் மெழுகில் முழு உருவத்தையும் செய்கிறார்கள். விரல் கோணலாக இருந்தால் இளக்கித் திருத்துகிறார்கள். திருப்தி வந்த பிறகே மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை வார்க்கிறார்கள். தவறுக்கான இடம் மெழுகு. உலோகம் தவறை ஏற்றுக்கொள்ளாது. இந்த அறிவைத்தான் எலும்பு மருத்துவப் பயிற்சிக்கும் கேட்கிறோம். ஹெட்செட் ஒரு வகை மெழுகு. அதைவிட மலிவான மெழுகும் உண்டு. ஒரு மூங்கில் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள்: கெட்டியான முன்சுவர், நடுவில் வெற்றிடம், கெட்டியான பின்சுவர். பின்சுவருக்கு அப்பால் களிமண்ணை ஒட்டிவைத்து டிரில் போட்டால், நுனி எவ்வளவு ஆழம் பாய்ந்தது என்பதைக் களிமண்ணே சொல்லிவிடும். வி.ஆர். சுமாராகக் கற்றுக்கொடுக்கும் விசையை மூங்கில் செவ்வனே கற்றுக்கொடுக்கும். எலும்பு முறிவுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய நம் ஊரில் மூங்கிலுக்கு இன்னொரு வேலை கொடுப்பதில் தவறில்லை.

அந்தக் கட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. உளுந்து மாவும் முட்டை வெள்ளைக்கருவும் பூசி மூங்கில் பத்தை வைத்துக் கட்டும் வைத்தியருக்குக் கிராமங்களில் இன்றும் மதிப்பு இருக்கிறது. 'ஆஸ்பத்திரிக்குப் போனால் அறுத்துவிடுவார்கள்' என்ற பயம் அதற்கு ஒரு காரணம். அந்தப் பயம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. ஒரு தெருவில் ஒருவருக்கு ஸ்க்ரூ பிய்த்துக்கொண்டால், அடுத்து எலும்பு முறியும் பத்துப் பேர் கட்டு வைத்தியரைத் தேடிப் போவார்கள். அவர்களில் இடுப்பு முறிந்தவர் மாதக்கணக்கில் பாயில் கிடந்து படுக்கைப்புண்ணோடு வருவார். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்கும் என்று உறுதி தந்தது. பணத்தடை அந்த அளவுக்கு விலகியது. மிச்சமிருக்கும் தடை நம்பிக்கை. நம்பிக்கையை விளம்பரத்தால் வளர்க்க முடியாது, சரியான இடத்தில் நின்ற ஸ்க்ரூக்களால்தான் வளர்க்க முடியும்.

அடுத்த ஆட்சேபம் செலவு. சாதாரண ஹெட்செட் சில பத்தாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. எதிர்விசை தரும் கருவிகள் பல லட்சம் ஆகும், மென்பொருளுக்கு ஆண்டுக் கட்டணம் வேறு. செலவைவிடப் பெரிய ஆபத்து பூட்டிய அறை. தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிப்படி ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் திறன் பயிற்சிக்கூடம் இருந்தாக வேண்டும். ஆய்வுக்கு வருபவர்களுக்காக மட்டும் திறக்கப்படும் அறையாக அது மாறினால் எந்தக் கருவியும் வீண். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது மின்கம்பங்கள் சாய்ந்து ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. கடலோர ஈரமும் மின்வெட்டும் உள்ள பகுதியில் நுட்பமான கருவியை வாங்குவது எளிது, ஓடவைப்பது கடினம். எனவே ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு பெரிய கருவி என்று பங்கு வைப்பதைவிட, டெல்டாக் கல்லூரிகள் மூன்றுக்கும் பொதுவாகத் தஞ்சாவூரில் ஒரு நல்ல கருவி, மற்ற இடங்களில் சாதாரண ஹெட்செட், பிளாஸ்டிக் எலும்பு, மூங்கில், கூடவே அறையைத் தினமும் திறக்க ஒரு பொறுப்பாளர் என்பதே அறிவான கணக்கு.

யாருடைய எலும்பு என்ற கேள்வியும் இருக்கிறது. வெளிநாட்டு மென்பொருளில் இருப்பது பெரும்பாலும் அங்குள்ளவர்களின் உடலளவு. நம் மக்களின் தொடை எலும்பு பொதுவாகச் சிறியது. மேற்கத்திய அளவில் செய்த ராடுகள் இங்கே சிலருக்குச் சரியாகப் பொருந்துவதில்லை என்பது எலும்பு மருத்துவர்களுக்குப் பழைய தலைவலி. பயிற்சி மென்பொருளுக்குப் பிளேட், ராடு விற்கும் நிறுவனங்கள் பணம் கொடுக்கும்போது, மாணவர் கற்பது சிகிச்சையையா அந்த நிறுவனத்தின் பெட்டியையா என்ற சந்தேகமும் நியாயமானது. இரண்டுக்கும் ஒரே பதில், இங்கேயே செய்வது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் எம். மணிவண்ணனின் ஆய்வகம் தொடு உணர்வுத் தொழில்நுட்பத்தில் நெடுங்காலமாக உழைக்கிறது. சென்னையின் மெடிசிம் வி.ஆர். நிறுவனம் மருத்துவ மாணவர்களுக்கான வி.ஆர். பயிற்சிகளை உருவாக்குகிறது. அரசு மருத்துவமனைகளில் தினமும் எடுக்கப்படும் சி.டி. ஸ்கேன்களைப் பெயர் நீக்கிக் கொடுத்தால் நம் முதியவர்களின் எலும்பே பாடமாகும், அவர்கள் உடலைத் தொடாமலே.

கருவியைவிட முக்கியம் ஒரு விதி. பட்ட மேற்படிப்பு மாணவர் மூன்று ஆண்டு முடித்தால் தகுதி என்று காலத்தைக் கணக்கிடுகிறோம். அதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: வழிகாட்டிக் கம்பியைச் சிமுலேட்டரில் குறிப்பிட்ட மில்லிமீட்டருக்குள், குறிப்பிட்ட எக்ஸ்ரே எண்ணிக்கைக்குள் தொடர்ந்து சில முறை நிறுத்திக் காட்டிய பிறகே நோயாளியின் தொடையில் டிரில்லைத் தொடலாம். மாணவர்களை மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைகளுக்கு அனுப்பும் உறைவிடப் பயிற்சித் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. மூத்தவர்கள் குறைவாக இருக்கும் அங்கே போவதற்கு முன் இந்தத் தேர்வு இன்னும் அவசியம். இதனால் முதல் அறுவைச் சிகிச்சை என்பது இல்லாமல் போய்விடாது. எவருக்கும் முதல் நோயாளி ஒருவர் இருந்தே தீருவார், அந்த நோயாளி வேதாரண்யத்துக்காரராக இருப்பதற்கும் வாய்ப்பு அதிகம். வண்டியில் நூறு கிலோமீட்டர் வலியோடு வந்தவரிடம் நாம் தர முடிந்த உறுதி இதுதான்: உங்கள் எலும்பில் போகும் கம்பி இவருடைய முதல் கம்பியாக இருக்கலாம், முதல் தவறாக இருக்காது. அந்தத் தவறுகளை எல்லாம் அவர் மெழுகிலேயே செய்து முடித்துவிட்டார்.